எந்தப் பெட்டியில் எழுதுவது? ஏழை நாடுகளின் நோய்ச்சுமைக் கணக்கு

19 வயதுப் பெண் ஒருத்தி மாவட்ட மருத்துவமனைக்கு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் ஏழை நாடு, மலைப்பாங்கான கிராமம். தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரி படுக்க முடிவதில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வலி வரும், ஒருமுறை மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் அடித்தது, தானாகவே சரியாகிவிட்டது என்கிறாள் கூட வந்திருக்கும் அம்மா.

அந்தத் தொண்டை வலிதான் ஆரம்பம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் இதயத்தின் வால்வையும் தாக்கிவிடுகிறது. வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கிப்போகிறது. இதன் பெயர் ருமாட்டிக் இதயநோய். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் மறைந்தே போய்விட்டது. அங்கே படிக்கும் இளம் டாக்டர்கள் பலர் இதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

இவளை எந்தக் கணக்கில் எழுதுவது? கிருமியால் தொடங்கியதுதான், ஆனால் இப்போது உடம்பில் அந்தக் கிருமி இல்லை. இவளிடமிருந்து யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. ஆகவே எந்த நோய் எவ்வளவு உயிரையும் ஆரோக்கியத்தையும் பறிக்கிறது என்று எண்ணும் உலக நோய்ச்சுமைக் கணக்கில் இது ‘தொற்றா நோய்’. சரி. அடுத்த வருடம் இவள் கர்ப்பமாகி, பிரசவத்திலோ அதற்கப்புறம் 42 நாட்களுக்குள்ளோ இதயம் தாங்காமல் இறந்துபோனால்? அப்போது அது ‘மறைமுக மகப்பேற்று மரணம்’. தொற்றுநோயும் பிரசவ மரணமும் இருக்கும் வேறொரு பெட்டிக்குக் கணக்கு தாவிவிடும். அதே ஆள், அதே வால்வு. இறந்த தேதியை வைத்துப் பெட்டி மாறுகிறது.

இது ஏதோ குமாஸ்தா வேலைச் சிக்கல் என்று தோன்றலாம். ஆனால் ஒரு ஏழை நாட்டின் சுகாதார அமைச்சகத்தில் பெட்டிதான் எல்லாமே. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இயக்குநர், ஒரு பட்ஜெட் தலைப்பு, பணம் தருகிற ஒரு வெளிநாட்டு அமைப்பு, ஒரு பயிற்சித் திட்டம் இருக்கும். பெட்டியில் இடம் கிடைக்காத நோய்க்கு மருந்தும் வராது, ஆளும் வராது. நோயை எப்படி வகைபிரிக்கிறோம் என்பது விஞ்ஞானக் கேள்விபோல் தெரிந்தாலும், பாதிக்கு மேல் அது பணத்தைப் பற்றிய கேள்வி.

பெட்டிகள் எங்கிருந்து வந்தன

இறப்புக் காரணங்களை எண்ணுவது பழைய பழக்கம். லண்டனில் வாராவாரம் அச்சான இறப்புப் பட்டியல்களை எடுத்துவைத்துக்கொண்டு ஜான் கிரான்ட் என்ற வணிகர் 1662-இல் அலசிப் பார்த்தார். 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் ஒரு சர்வதேசப் பட்டியலை முன்வைத்தார். அதன் வாரிசுதான் இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் நடத்தும் சர்வதேச நோய் வகைப்பாடு. அந்த நிறுவனம் 1948-இல் தன் பொறுப்பில் எடுத்தபோது அது ஆறாவது பதிப்பு. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது பதினொன்றாவது.

இந்த வகைப்பாடு ஒரு விஷயத்தை நடந்ததாக வைத்துக்கொண்டே பேசுகிறது: படுக்கை அருகே ஒரு டாக்டர் இருந்தார், பரிசோதனை நடந்தது, சான்றிதழில் காரணம் எழுதப்பட்டது. ஏழை நாடுகளில் பெரும்பாலான மரணங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. ஆப்பிரிக்காவில் பத்தில் ஒரு மரணம்தான் பதிவே ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. அதில் காரணம் ஒழுங்காக எழுதப்படுவது இன்னும் குறைவு.

திட்டமிடலுக்கென்றே ஒரு கணக்கு வேண்டும் என்று முதலில் உட்கார்ந்து யோசித்தவர்களில் கானா நாட்டுக் குழு ஒன்று முக்கியமானது. 1981-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, ‘இந்த நோயால் எத்தனை பேர் செத்தார்கள்’ என்று கேட்பதோடு நிற்கவில்லை. ‘இந்த நோயால் ஊர் எத்தனை நாள் ஆரோக்கிய வாழ்வை இழக்கிறது’ என்று கேட்டது. செத்ததால் போன நாட்கள், முடங்கிக் கிடந்ததால் போன நாட்கள் இரண்டையும் கூட்டினார்கள். பட்டியலின் உச்சியில் மலேரியா வந்தது. ஏழை நாட்டுத் திட்டமிடலுக்கான யோசனை ஓர் ஏழை நாட்டிலேயே பிறந்தது என்பதை, பின்னால் வந்த பெரிய அறிக்கைகளின் சத்தத்தில் நிறையப் பேர் மறந்துவிட்டார்கள்.

அந்தப் பெரிய அறிக்கை 1993-இல் வந்தது. உலக வங்கியின் அந்த வருட மேம்பாட்டு அறிக்கை முழுக்க சுகாதாரத்தைப் பற்றியது. அதற்காக கிறிஸ்டோபர் முர்ரே, ஆலன் லோபஸ் என்ற ஆய்வாளர்கள் நடத்திய உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பில்தான், இழந்த ஆரோக்கிய வாழ்வை வருடங்களில் அளக்கும் ‘டாலி’ என்ற அலகு உலகத்துக்கு அறிமுகமானது. கூடவே மூன்று பெட்டிகளும் வந்தன. முதலாவதில் தொற்றுநோய்கள், மகப்பேறு, பச்சிளங்குழந்தைக் கோளாறுகள், ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டாவதில் தொற்றா நோய்கள். மூன்றாவதில் விபத்து, வன்முறை, தற்கொலை போன்ற காயங்கள்.

முதல் பெட்டியில் ஏன் இப்படிச் சம்பந்தமில்லாதவை ஒன்றாகக் கிடக்கின்றன? உடலியல்படி பார்த்தால் பிரசவ ரத்தப்போக்குக்கும் காசநோய்க்கும் ஒரு உறவும் இல்லை. அவற்றைச் சேர்த்துக் கட்டிய கயிறு வறுமை. 1971-இல் அப்தெல் ஓம்ரான் என்ற ஆய்வாளர், நாடுகள் முன்னேற முன்னேற இந்த வகை மரணங்கள் குறைந்து, இதயநோயும் புற்றுநோயும் மேலே வரும் என்று ஒரு மாற்றத்தை விவரித்திருந்தார். முதல் பெட்டி என்பது நாடு முன்னேறினால் காலியாக வேண்டிய பெட்டி. இரண்டாவது, நாடு முன்னேறியதும் நிரம்பப்போகும் பெட்டி. இந்த எண்ணத்தை அப்படியே உள்ளே வைத்துத்தான் பெட்டி செய்யப்பட்டது. அதனாலேயே ‘தொற்றா நோய்’ என்றாலே வசதி வந்தவர்களின் நோய் என்ற எண்ணம் திட்டக் குழுக்களில் ஊறிப்போனது. நம் 19 வயதுப் பெண் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

டாலி என்ன எண்ணுகிறது

கணக்கு ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஒருவர் 20 வயதில் இறக்கிறார், நல்ல சூழலில் அவர் இன்னும் 65 ஆண்டு வாழ்ந்திருக்கலாம் என்றால் இழப்பு 65. இறப்பதற்கு முன் 10 வருடம் நோயோடு வாழ்ந்தார், அந்த நோயின் கடுமைக்கு 0.2 என்று எடை போட்டால் 10 பெருக்கல் 0.2, அதாவது 2. மொத்தம் 67 டாலி. எடையில் பூஜ்யம் என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் மரணத்துக்குச் சமம். ஒரு நாட்டில் எல்லோருக்கும், எல்லா நோய்க்கும் இப்படிக் கூட்டினால் நோய்ச்சுமை.

இதனால் ஒரு பெரிய நன்மை நடந்தது. ஆளைக் கொல்லாமல் வாட்டுகிற நோய்கள் முதல்முறையாகப் பட்டியலில் ஏறின. 1990-ஆம் ஆண்டுக்கான கணக்கில் மனச்சோர்வு உலக அளவில் நான்காவது இடத்தில் வந்து நின்றபோது திட்டமிடுபவர்கள் திகைத்துப்போனார்கள். சாவை மட்டும் எண்ணியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆனால் அந்த எடைகளை யார் போட்டது? முதல் கணக்கில் சுகாதாரத் துறை நிபுணர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து போட்டார்கள். பார்வையிழப்புக்கு 0.6 என்று முடிவானது. 2010 கணக்கில் முறையை மாற்றி, பங்களாதேஷ், இந்தோனேசியா, பெரு, தான்சானியா ஆகிய நாடுகளில் வீடு வீடாகவும், அமெரிக்காவில் தொலைபேசியிலும், இணையம் வழியாகவும் 30,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் கேட்டார்கள். இரண்டு ஆட்களைச் சின்னதாக விவரித்து, ‘இவர்களில் யார் அதிக ஆரோக்கியமாக இருக்கிறார்?’ என்பதுதான் கேள்வி. பார்வையிழப்பின் எடை 0.195-க்கு இறங்கிவிட்டது. கண் தெரியாதவர்களின் வாழ்க்கை ஒரே இரவில் மூன்று மடங்கு சுலபமாகிவிட்டதா என்ன? கேள்வி மாறியது, விடை மாறியது, அவ்வளவுதான். கண் தெரியாதவரை ‘ஆரோக்கியம் குறைந்தவர்’ என்று பலரும் நினைப்பதில்லை. அவர் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஆனால் படிக்கட்டும் நடைபாதையும் சரியில்லாத, உதவித்தொகையும் இல்லாத ஊரில் அவர் படுகிற பாடு அந்தக் கேள்விக்குள் வரவில்லை. ஆற்றோரம் கடிக்கும் கருப்பு ஈக்கள் பரப்பும் ஆங்கோசெர்சியாசிஸ் போன்ற கண்ணைப் பறிக்கும் நோய்களின் சுமை காகிதத்தில் அந்த அளவுக்கு இலேசானது.

பழைய கணக்கில் இன்னும் இரண்டு வேடிக்கைகள் இருந்தன. 25 வயது ஆளின் ஒரு வருடம், குழந்தையின் ஒரு வருடத்தையும் கிழவரின் ஒரு வருடத்தையும் விடக் கூடுதல் மதிப்பு பெற்றது. அப்புறம், எதிர்கால வருடங்களுக்கு ஆண்டுக்கு 3 சதவீதம் கழிவு. வட்டிக் கணக்கு மாதிரி. அதன்படி 23 வருடம் கழித்துக் கிடைக்கும் ஓர் ஆரோக்கிய வருடம் இன்றைய வருடத்தில் பாதி மதிப்புதான் பெறும். பிறந்த குழந்தை ஒன்று இறந்தால் போன 80 வருடம், இந்தக் கழிவுகளுக்கப்புறம் முப்பது சொச்சமாகச் சுருங்கிவிடும். 2010 கணக்கில் இரண்டையும் தூக்கிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட பல வருடங்கள் எத்தனையோ நாடுகளின் திட்டங்கள் அந்தப் பழைய எண்களை வைத்தே போடப்பட்டன.

செத்தது எதனால் என்று யாரிடம் கேட்பது

அலகு கிடைத்துவிட்டது. எண்ணுவதற்கு மரணங்களின் காரணம் தெரிய வேண்டுமே? டாக்டர் இல்லாத ஊரில் இதற்குக் கண்டுபிடித்த வழி, வாய்மொழி மூலம் மரணக் காரணத்தை விசாரிப்பது. துக்கம் கொஞ்சம் ஆறியபின், பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் அந்த வீட்டுக்குப் போகிறார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? விட்டுவிட்டு வந்ததா, தொடர்ந்து அடித்ததா? மூச்சு வாங்கியதா, விலா உள்ளே இழுத்ததா? கழுத்து விறைத்ததா? உடம்பில் தடிப்பு வந்ததா? அம்மாவோ மாமியாரோ ஞாபகத்திலிருந்து சொல்கிறார்கள். அதை இரண்டு டாக்டர்களோ ஒரு கணினி நிரலோ படித்துக் காரணத்தை முடிவு செய்கிறது. இதற்கென்று உலக சுகாதார நிறுவனம் 2007 முதல் பொதுவான கேள்வித்தாள் வைத்திருக்கிறது.

சாலை விபத்து, பிரசவ மரணம், தற்கொலை போன்றவற்றை இந்த முறை நன்றாகவே பிடிக்கும். காய்ச்சலில்தான் தடுமாறும். இந்தியாவில் நடந்த பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 2001 முதல் 2003 வரை நடந்த மரணங்களை வீடு வீடாக விசாரித்த அந்த ஆய்வு, 70 வயதுக்குள் மலேரியாவால் ஆண்டுக்கு சுமார் 2,05,000 பேர் இறக்கிறார்கள் என்று 2010-இல் மதிப்பிட்டது. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு வெறும் 15,000. (அந்த வருடங்களில் இந்தியா உலக வங்கியின் குறைந்த வருமான நாடுகள் பட்டியலில் இருந்தது.) வாய்மொழி விசாரணையில் எல்லாக் காய்ச்சலும் மலேரியாவாகத்தான் தெரியும் என்றது நிறுவனம். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை, அப்புறம் உங்கள் கணக்கில் எப்படி வருவார்கள் என்றது ஆய்வுக் குழு. இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. அதே ஆய்வுதான் இந்தியாவில் பாம்புக்கடியால் 2005-இல் சுமார் 46,000 பேர் இறந்ததாகவும் காட்டியது. பாம்பு கடித்ததை எந்த அம்மாவும் மறக்கமாட்டாள், எனவே அந்த எண்ணை யாரும் பெரிதாக மறுக்கவில்லை.

உலக அளவிலும் இந்த இழுபறி உண்டு. 2010-இல் மலேரியாவால் இறந்தவர்கள் 6,55,000 என்றது உலக சுகாதார நிறுவனம். சியாட்டிலில் முர்ரே தலைமையில் இயங்கும் ஆய்வு நிறுவனம் 12 லட்சத்துக்கும் மேல் என்றது. ஒரு நாட்டின் சுகாதார அமைச்சகத்தில் உட்கார்ந்திருப்பவர் இவற்றில் எதை எடுத்துத் திட்டம் போடுவார்? நடைமுறையில், எந்த அமைப்பு பணம் தருகிறதோ அதன் எண்ணைத்தான்.

இதைவிடச் சத்தமில்லாத சிக்கல் ஒன்று, ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்ற விதி. மெலிந்துபோன இரண்டு வயதுக் குழந்தைக்குத் தட்டம்மை வருகிறது, அதைத் தொடர்ந்து நிமோனியா வந்து குழந்தை போய்விடுகிறது. சான்றிதழின் முதல் பகுதியில் நிமோனியா, அதற்குக் கீழே தட்டம்மை. அடிப்படைக் காரணம் என்ற முறையில் கணக்கு தட்டம்மைக்குப் போகும். ஊட்டச்சத்துக் குறைவு இரண்டாம் பகுதியில் ‘துணைக் காரணம்’ என்று ஒதுங்கி நிற்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பின்னால் ஊட்டக்குறைவு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் மரணக் காரணப் பட்டியலைப் பார்த்தால் அது எங்கோ கீழே இருக்கும். பட்டியலை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடுபவர் ஆன்டிபயாடிக் வாங்குவார், சாப்பாட்டைப் பற்றி யோசிக்கமாட்டார்.

மொரொகோரோவில் நடந்தது

இவ்வளவு ஓட்டை உள்ள கணக்கு எதற்காவது உதவியதா? உதவியது. தான்சானியாவின் மொரொகோரோ ஊரகம், ரூஃபிஜி என்ற இரண்டு மாவட்டங்களில் 1990-களின் பிற்பகுதியில் ஒரு சோதனை நடந்தது. கனடாவின் வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் தான்சானிய அமைச்சகமும் சேர்ந்து நடத்தின. வீடு வீடாகப் போய் யார் இறந்தார்கள், எதனால் என்று விசாரித்து, அதை மாவட்ட அதிகாரிகளுக்குப் புரியும்படி எளிய பட்டை வரைபடமாகக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே அவர்கள் செலவழிக்கும் பணத்துக்கும் அதே மாதிரி ஒரு வரைபடம்.

இரண்டையும் அருகருகே வைத்தபோது மொரொகோரோவில் வெளியான சங்கதி இது. இழந்த வாழ்நாளில் 30 சதவீதம் மலேரியாவால். 1996 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது 5 சதவீதம். காசநோயால் போன வாழ்நாள் 4 சதவீதத்துக்கும் கீழே, அதற்குப் போன பணம் 22 சதவீதம். யாரும் திருடவில்லை, யாரும் முட்டாளும் இல்லை. காசநோய்க்குத் தனித் திட்டம் இருந்தது, வெளிப்பணம் இருந்தது, ஆகவே பட்ஜெட்டிலும் தலைப்பு இருந்தது. மலேரியா என்பது எல்லோருக்கும் வருகிற சாதாரணக் காய்ச்சல். சாதாரணமானதுக்கு யார் தனித் தலைப்பு போடுவார்கள்?

மாவட்டத்தார் பணத்தை மாற்றிப் போட்டார்கள். மருந்தூட்டிய கொசுவலை, குழந்தை நோய்களை ஒன்றாகப் பார்த்து மருந்து கொடுக்கும் பயிற்சி ஆகியவற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது தலைக்கு ஆண்டுக்கு 80 அமெரிக்க சென்ட் அளவுதான். ரூஃபிஜியில் ஆயிரம் குழந்தைகளுக்கு 100 என்றிருந்த சிசு மரணம் ஒரே ஆண்டில் 72-க்கு இறங்கியது. எல்லாமே அந்த வரைபடத்தின் புண்ணியம் என்று சொல்ல முடியாது. மழை, விளைச்சல், வேறு திட்டங்கள் என்று எத்தனையோ சேர்ந்திருக்கும். ஆனாலும் எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அந்த வரைபடம் தலைநகரில் கிடக்காமல் பணத்தைச் செலவழிக்கும் கைக்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

இதே கதையைத் தப்பாகப் படிக்கிறவர்களும் உண்டு. சுமை எவ்வளவோ அவ்வளவு பணம் என்று விகிதம் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். தடுப்பூசி போட்டதால் தட்டம்மைச் சுமை குறைந்திருக்கிறது. சுமை குறைவாக இருக்கிறதே என்று தடுப்பூசிப் பணத்தைக் குறைப்பது, வலைக்குள் படுத்துக்கொண்டு ‘கொசுவே கடிக்கவில்லை, வலை எதற்கு’ என்று கேட்பது மாதிரி. நோய்ச்சுமை வரைபடம் மிச்சமிருக்கும் சுமையைத்தான் காட்டும், தடுத்துவைத்திருக்கும் சுமையைக் காட்டாது. தவிர, சுமை பெரிதாக இருந்தும் மலிவான வைத்தியம் இல்லாத நோய்கள் இருக்கின்றன; சுமை சின்னதாக இருந்தும் ஓர் ஊசியில் தீர்கிற நோய்களும் இருக்கின்றன.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம்

இரண்டாவது பெட்டிக்கு உலக அளவில் கவனம் வந்தது 2011-இல், ஐ.நா. பொதுச்சபை தொற்றா நோய்களுக்கென்று உயர்மட்டக் கூட்டம் நடத்தியபோது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே பேசப்பட்டது நாலுக்கு நாலு என்ற சட்டகம். இதய ரத்தக்குழாய் நோய், புற்றுநோய், சர்க்கரை நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் என நான்கு நோய்கள். புகையிலை, மது, தவறான உணவு, உடலுழைப்பின்மை என நான்கு காரணங்கள். (2018-இல் மனநலமும் காற்று மாசும் சேர்ந்து ஐந்துக்கு ஐந்து ஆனது.) நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிற, புகைபிடிக்காத, ஒல்லியான 19 வயதுப் பெண்ணிடம் போய் ‘தினமும் அரைமணி நேரம் நடங்கள்’ என்று சொல்வதற்குத்தான் இந்தச் சட்டகம் உதவும்.

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் தொற்றா நோய்க்கான குறியீடு இன்னும் கொடுமை. 30 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையே அந்த நான்கு நோய்களால் இறக்கும் வாய்ப்பைத்தான் அது அளக்கிறது. ருமாட்டிக் இதயநோய், இன்சுலின் இல்லாமல் இறக்கும் முதல் வகை சர்க்கரை நோய், பிறவியிலேயே வரும் அரிவாள் செல் ரத்தநோய் ஆகியவை ஏழை நாடுகளில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் 30-க்கு முன்னால். அளவுகோல் தொடங்கும் இடத்துக்கு வந்துசேரும் முன்பே இவர்கள் போய்விடுகிறார்கள். உலகின் மிக ஏழையான நூறு கோடிப் பேரைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒன்று 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களிடையே தொற்றா நோயாலும் காயங்களாலும் 40 வயதுக்குள் இறப்பவர்கள் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 8 லட்சம். ஹெச்.ஐ.வி., காசநோய், மகப்பேறு மூன்றும் சேர்ந்து பறிக்கும் உயிர்களைவிட இது அதிகம். ஆனால் அந்த 8 லட்சம் ஒரு பெரிய நோயால் வந்ததல்ல. பத்து, இருபது, முப்பது நோய்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக. பட்டை வரைபடத்தில் ஒவ்வொரு பட்டையும் குட்டையாகத்தான் இருக்கும். மலேரியா மாதிரி நிமிர்ந்து நின்று யாருடைய கண்ணிலும் படாது.

குட்டைப் பட்டைகளை ஒன்றாகக் கட்டிப் பெயர் வைத்தால் பணம் வரும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்ற பெட்டி. யானைக்கால், ட்ரகோமா என்ற கண்நோய், தொழுநோய், வெறிநாய்க்கடி எல்லாம் அதில் உண்டு. மருத்துவ ரீதியில் இவற்றுக்குள் பொதுவாக ஒன்றுமில்லை. ஏழைகளுக்கு வருகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான் ஒற்றுமை. ஆனாலும் அந்தப் பெயரின் கீழ் திரண்ட பிறகுதான் மருந்து நிறுவனங்கள் இலவச மாத்திரைகளைப் பெருமளவில் தர 2012-இல் லண்டனில் உறுதி கூறின. பாம்புக்கடியை 2017-இல் அந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள். உலக நோய்ச்சுமைக் கணக்கில் அது இன்றும் மூன்றாவது பெட்டியில், காயம். ஒரே கடி, இரண்டு இடத்தில் இரண்டு பெயர். முகத்தை அரித்துத் தின்னும் நோமா 2023 டிசம்பரில் உள்ளே வந்தது. பெட்டி என்பது இயற்கையில் கிடைப்பதல்ல, வாதாடி வாங்குவது.

இன்னொரு வழியும் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். நோய் எதனால் வந்தது என்று பார்ப்பதற்குப் பதிலாக, அதற்கு மருத்துவ அமைப்பு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்த்து அடுக்குவது. ருவாண்டாவின் சில கிராமப்புற மாவட்ட மருத்துவமனைகளில் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து இப்படிச் செய்துபார்த்தார்கள். ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்காக அங்கே ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது: பெயர்ப்பதிவு, மாதாமாதம் வருகை, வராதவர் வீட்டுக்கு ஆள் போவது, ஆயுள் முழுக்க மாத்திரை. ஹெச்.ஐ.வி. சுத்தமான தொற்றுநோய். ஆனால் வைத்தியத்தின் அமைப்பில் அது சர்க்கரை நோயின் உடன்பிறப்பு. எனவே அதே அச்சில் இதயச் செயலிழப்பு, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய், கடும் ஆஸ்துமா ஆகியவற்றுக்குச் செவிலியர்கள் நடத்தும் கிளினிக்குகள் வந்தன.

அங்கே மூச்சு வாங்கும் நோயாளியை வகைபிரிப்பது எப்படி என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பெருநகரத்து இதய நிபுணர் ஐம்பது நோய்ப்பெயர்களில் ஒன்றைத் தேடுவார். இங்கே செவிலியர் கையில், இதயத்தைப் படமாகக் காட்டும் சின்ன எக்கோ கருவி. அவர் தேடுவது ஒருசில விடைகள்தான். மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா? இதயத் தசை பலமாக அடிக்கிறதா, தளர்ந்துவிட்டதா? ரத்த அழுத்தம் மிகவும் அதிகமா? வலதுபக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா? ஒவ்வொரு விடைக்கும் வைத்தியம் வேறு. வால்வு சுருங்கியிருந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, அறுவைக்குப் பரிந்துரை, கர்ப்பத்தைப் பற்றி எச்சரிக்கை. தசை தளர்ந்திருந்தால் வேறு மாத்திரைகள். இரண்டு பெயர்களுக்கு ஒரே வைத்தியம் என்றால் அவற்றைப் பிரிக்க மெனக்கெடுவதில்லை. செயலில் வித்தியாசம் வராத இடத்தில் வகையிலும் வித்தியாசம் வேண்டாம் என்ற இந்தச் சிக்கனம்தான், டாக்டர் இல்லாத ஊரில் ஒரு வகைப்பாட்டைப் பிழைக்கவைக்கிறது.

இதே பாணியில் நாட்டு அளவிலும் அடுக்கலாம்: கிராம ஊழியர் செய்யக்கூடியது, சுகாதார நிலையம் செய்யக்கூடியது, மாவட்ட மருத்துவமனை, அறுவை அரங்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய் வைரஸால் வருகிறதா, தொற்றா நோயா என்ற சர்ச்சையே இதில் எழாது. தடுப்பூசி பள்ளியில், பரிசோதனை சுகாதார நிலையத்தில், அறுவை மேலே. மாவட்ட மருத்துவமனை அளவிலான கடும் நோய்களுக்கு ‘பென்-பிளஸ்’ என்ற திட்டத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு நாடுகள் 2022 ஆகஸ்டில் டோகோவின் லோமே நகரில் கூடி ஏற்றுக்கொண்டன. ருவாண்டா, மலாவி போன்ற இடங்களின் அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் அது.

குறை இல்லாமல் இல்லை. பணம் தருகிறவர்கள் இன்றும் நோயின் பெயரைச் சொல்லித்தான் தருகிறார்கள். ‘மாவட்ட மருத்துவமனையின் நீண்டகாலப் பராமரிப்பு’ என்று விண்ணப்பம் போட்டால் யாருக்கும் மனம் இளகுவதில்லை. ‘மலேரியா’ என்றால் இளகுகிறது. தடுப்பு வேலைக்கும் காரணவாரியான பெட்டிகள் வேண்டும். வைத்தியத்தை மட்டும் வைத்து அடுக்கினால், நெருக்கடியான வீட்டில் தொண்டை வலி ஏன் பரவுகிறது என்ற கேள்வி விடுபட்டுப்போகும்.

மாவட்ட மருந்துக் கிடங்கில் இந்த இரண்டு கணக்கும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்த 19 வயதுப் பெண்ணுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல வருடங்களுக்கு, பென்சாத்தீன் பென்சிலின் ஊசி போட வேண்டும். அடுத்த தொண்டைத் தொற்று வால்வை இன்னும் கெடுக்காமலிருக்க. பக்கத்து அறையில், சிஃபிலிஸ் உள்ள கர்ப்பிணிகளுக்கு, குழந்தைக்குப் போகாமல் தடுக்க அதே ஊசி. ஒன்று தொற்றா நோய்த் தலைப்பில் போடும் தேவைப் பட்டியல், மற்றது தாய்சேய் நலத் தலைப்பில். 2014 முதல் 2016 வரை பல நாடுகளில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மிக மலிவான, காப்புரிமை எப்போதோ முடிந்த மருந்து. லாபம் குறைவு என்பதால் தயாரிப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். எவ்வளவு வேண்டும் என்று உலக அளவில் யாரிடமும் முழுக் கணக்கு இல்லை, ஏனென்றால் தேவை வெவ்வேறு பெட்டிகளில் சிதறிக் கிடந்தது. கிடங்கில் இருப்பவருக்கு மட்டும் அது எப்போதும் ஒரே குப்பி. இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அவர் பதிவேட்டில் உள்ள வகைப்பாடு.